வண்டியை எவ்வளவு விரட்டலாம்?



சாரல் பிடித்து ஒரு வாரம் ஆகிறது. ஐந்தருவியில் நல்ல தண்ணீர் என்கிறார்கள். முட்டிவலியோடு வழுக்கல் பாறையில் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும். பாதியில் எழுந்து போகிறவர்கள் போகலாம், வருகைப் பதிவு எடுக்க மாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நம்ம தெருவில் ஒரு சத்தம். மில் ஓடுகிற மாதிரி அடித்தொண்டைச் சத்தம். எட்டிப் பார்த்தால் மஞ்சள் நிறத்தில் ஒரு கார், தரையோடு படுத்துக் கிடக்கிறது. என்னிடம் பிளஸ் டூ படித்த பையன் ஒருவன், இப்போது பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறான், அதிலிருந்து இறங்கினான். இறங்கினான் என்று சொல்லக் கூடாது, எழுந்தான். அவ்வளவு தாழ்வான சீட். போர்ஷே கேமன். ரெண்டு பேர்தான் உட்காரலாம். பழைய வண்டிதானாம், செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறான். ஓசூர், சேலம், மதுரை, ராஜபாளையம் வழியாக இதிலேயே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான். ஆய்க்குடிக்குள் நுழைந்த பிறகுதான் கஷ்டம் என்றான். ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியைக் கோணலாகத் திருப்பி, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக ஏற்றி இறக்கினானாம். அதற்குள் பின்னால் ஷேர் ஆட்டோக்காரர் ஹாரனிலேயே திட்டிவிட்டார்.

காபி குடித்துவிட்டு, அவன் கேட்ட கேள்விதான் இந்தப் பதிவு. "சார், நீங்கதானே பிசிக்ஸ் எடுத்தீங்க. இந்த மாதிரி வண்டிய தினசரி எவ்வளவு தூரம் விரட்டி ஓட்டலாம்? ஒருத்தன் விரட்டினா எஞ்சின் கெட்டுப்போகும்ங்கான். இன்னொருத்தன் விரட்டாட்டாதான் கெட்டுப்போகும்ங்கான்."

நல்ல கேள்வி. வகுப்பில் இந்த மாதிரி ஒரு கேள்வி அவன் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இதில் ரெண்டு கேள்வி ஒட்டிக்கொண்டு இருக்கிறது. எஞ்சினை எவ்வளவு விரட்டலாம் என்பது ஒன்று. ரோட்டில் எவ்வளவு வேகம் போகலாம் என்பது இன்னொன்று. பையன்கள் ரெண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். பெற்றோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், அதனால்தான் எஞ்சின் சத்தம் கேட்டதும் வாசலுக்கு வந்து கத்துகிறார்கள்.

எஞ்சினை முதலில் முடித்துவிடுகிறேன், அது சுலபம். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் உறுமவிடக் கூடாது. தண்ணீர் சூட்டைக் காட்டும் முள் சீக்கிரம் நடுவுக்கு வந்துவிடும், அதை நம்பக் கூடாது. எண்ணெய் சூடாக அதைவிட அதிக நேரம் எடுக்கும். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருக்கும், போக வேண்டிய இடத்துக்கெல்லாம் வேகமாகப் போகாது. அதற்காக நின்ற இடத்தில் பத்து நிமிஷம் ஓடவிடவும் வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிஷம் பதமாக ஓட்டினால் போதும். அதற்குப் பிறகு எஞ்சினுக்கு வேலை கொடுப்பதில் தப்பே இல்லை. அதைச் செய்தவன் அதற்காகத்தான் செய்திருக்கிறான். தினமும் அரை கிலோமீட்டர் போய்ப் பால் வாங்கிவந்து நிறுத்துகிற வண்டிதான் சீக்கிரம் கெடும். எண்ணெய் சூடேறாமலே நின்றுவிடும். அதில் சேர்ந்த ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லை. இன்னொன்று, மேல் கியரைப் போட்டுக்கொண்டு, எஞ்சின் முக்கி முனக, ஆக்சிலேட்டரை அழுத்துகிற பழக்கம். மைலேஜ் ஆசையில் நம்மாட்கள் நிறையப் பேர் இதைச் செய்கிறார்கள். எஞ்சினுக்கு இது கொடுமை. கீழ் கியரில் சுதந்திரமாகச் சுற்றுகிற எஞ்சின் சந்தோஷமாக இருக்கிறது என்றுதான் நான் சொல்வேன். எஞ்சினுக்கு ஏது சந்தோஷம் என்று கேட்காதீர்கள், நாற்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறவன் சொல்கிறேன்.

என்னிடம் ஆர்எக்ஸ் 100 இருந்தது பழைய பிள்ளைகளுக்குத் தெரியும். சிவப்பு. 1988ல் வாங்கினேன். வாத்தியார் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக டிவிஎஸ் ஃபிப்டி ஓட்டினால் போதாதா என்று என் மாமனார் கேட்டார். 98 சிசி, 11 குதிரைத்திறன். அந்தக் காலத்தில் அதுதான் எங்களுக்கு ஸ்போர்ட்ஸ் கார். மூன்றாவது கியரில் முறுக்க முடிந்த மட்டும் முறுக்கினாலும் வேகம் எழுபது, எழுபத்தைந்தைத் தாண்டாது. ஆனால் அந்தச் சத்தமும், முன்சக்கரம் லேசாகிற அந்த உணர்வும் இருக்கிறதே! வண்டியின் முழுத் திறனையும் பிழிந்து எடுத்துவிட்டேன் என்ற திருப்தி தினமும் பள்ளிக்குப் போகும் வழியிலேயே கிடைத்துவிடும்.

இங்கேதான் என் மாணவனுடைய வண்டியின் சிக்கல். அதன் எஞ்சின் 300 குதிரைத்திறன். ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால், நான் ஏறி உட்கார்ந்த ஆர்எக்ஸ் 100ஐப் போல மூன்று மடங்குக்கு மேல். இரண்டாவது கியரை முழுசாக ஓடவிட்டால் நூறு கிலோமீட்டரைத் தாண்டிவிடும். மொத்தம் ஆறு கியர். அதாவது ஆய்க்குடியிலிருந்து தென்காசி போகிற ரோட்டில் அந்த வண்டியின் முழுத் திறனை ருசி பார்க்க வேண்டும் என்றால், முதல் கியர் முடிவதற்குள் பார்த்தால்தான் உண்டு. இரண்டாவதில் பாதி போனாலே அவன் தப்பு செய்கிறான். மற்ற நாலு கியரும் அலங்காரம்.

தப்பு என்று ஏன் சொல்கிறேன்? சட்டத்தை வைத்துச் சொல்லவில்லை. கணக்கு வைத்துச் சொல்கிறேன். நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

எதிரில் ஒன்றைப் பார்த்து, மூளை புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல டயர், காய்ந்த ரோடு. மணிக்கு 60ல் போகிறவன் அந்த ஒரு நொடியில் 17 மீட்டர் போய்விடுவான். பிறகு பிரேக் பிடித்து நிற்க 20 மீட்டர். மொத்தம் 37. அதே வண்டி 90ல் போனால், முதலில் 25, பிறகு 45, மொத்தம் 70 மீட்டர். 120 என்றால் 114 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் நாலு மடங்கு, இது ஒன்பதாம் வகுப்புப் பாடம். இதை எல்லோரும் பரீட்சையில் எழுதிவிடுவீர்கள். நான் வகுப்பில் எப்போதும் கேட்கும் அடுத்த கேள்விக்குத்தான் பதில் வராது. ஒரே இடத்தில் ஒரு மாடு குறுக்கே வருகிறது. 60ல் வந்தவன் மாட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிட்டான். பக்கத்திலேயே 90ல் வந்தவனும் அதே நேரத்தில் அதே மாட்டைப் பார்த்தான், அவனும் பிரேக் பிடித்தான். முதல் வண்டி நின்ற அதே இடத்துக்கு அவன் வந்து சேரும்போது அவன் வேகம் என்ன?

பத்து, இருபது இருக்கும் சார் என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 77 கிலோமீட்டர். முதல் ஆள் நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது ஆள் 77ல் போய்க்கொண்டு இருக்கிறான். போர்ஷேயாக இருந்தாலும் இதில் பெரிய மாற்றம் இல்லை. பிரேக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் டயர் ரோட்டைப் பிடிக்கிற அளவுக்குத்தான் வண்டி நிற்கும். அந்த ஒரு நொடி இருக்கிறதே, அதை எந்தக் கம்பெனியும் குறைத்துத் தர முடியாது, அது நம் தலைக்குள் இருக்கிறது. சாரல் நேரத்தில் இந்தக் கணக்கு இன்னும் மோசம். முதல் தூறலில் ரோட்டில் படிந்த எண்ணெயும் புழுதியும் குழைந்து சோப்பு மாதிரி ஆகிவிடும். நல்ல மழை பெய்து கழுவிவிட்ட ரோட்டைவிட அதுதான் ஆபத்து. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1989 ஆனி மாதம், இலஞ்சி தாண்டி, முன்னால் வைக்கோல் வண்டி, லேசான தூறல். பிரேக்கைத் தொட்டேன், அவ்வளவுதான். வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வேகம் 50கூட இருக்காது. அந்த முட்டிதான் இன்றைக்கும் என்னைக் குளிக்கப் போகவிடாமல் வைத்திருக்கிறது. வீட்டில் கேட்டபோது மாடு குறுக்கே வந்துவிட்டது என்று சொன்னேன். முப்பத்தைந்து வருஷம் கழித்து இங்கே ஒப்புக்கொள்கிறேன், மாடு வைக்கோல் வண்டியில்தான் இருந்தது, அது பாட்டுக்கு ஓரமாகத்தான் போனது.

ஆகவே நான் அவனிடம் சொன்ன அளவுகோல் இதுதான். கண்ணுக்குத் தெரிகிற காலி ரோட்டின் பாதி தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம் எதுவோ, அதுவரை போகலாம். ஏன் பாதி? நம்ம ஊர் ரோடுகள் ஒற்றை ரோடு. எதிரில் வருகிறவனுக்கும் நிற்க இடம் வேண்டும், மீதிப் பாதி அவனுடையது. அவனும் என்னை மாதிரி கணக்குப் போடுகிறவன் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. சாம்பவர் வடகரைப் பக்கம் ரோடு நேராகத்தான் போகும், ஆள் நடமாட்டம் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அறுப்புக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காயும். பூப்பூக்கிற காலத்தில் சூரியகாந்தித் தோட்டத்தில் போட்டோ எடுக்க வருகிற கூட்டம் வண்டியை ரோட்டிலேயே நிறுத்தும். ஆடு வரும். ஆட்டுக்குப் பின்னால் ஆடு மேய்க்கிறவர் வருவார். புளியரை எஸ் வளைவில் கேரளாவுக்குப் போகிற லாரி வளைவு முழுவதையும் எடுத்துக்கொள்ளும், அவருக்கு வேறு வழியும் இல்லை. அங்கே எதிர்ப்பக்கம் எவ்வளவு தெரியும் என்று நின்று பாருங்கள், எவ்வளவு வேகம் போகலாம் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

"அப்படின்னா எனக்கு இந்த வண்டி எதுக்கு சார்?" என்று கேட்டான். முகம் சுருங்கிவிட்டது.

நியாயமான கேள்வி. கவர் போட்டு ஷெட்டில் நிறுத்தி ஞாயிற்றுக்கிழமை துடைக்கச் சொல்லவில்லை நான். முழுசாக ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசைதான், அதற்கென்று இடம் இருக்கிறது. நம் மாநிலம் இதில் யாருக்கும் சளைத்ததில்லை. அந்தக் காலத்தில் சோழவரத்தில் யுத்தகால விமான ஓடுபாதையில் பந்தயம் நடத்தினார்கள். பிறகு இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் டிராக். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் டிராக், கரிவரதன் பெயரில். 1995ல் சின்ன விமான விபத்தில் இறந்துபோன கரிவரதன்தான் எத்தனையோ பையன்களுக்குப் பந்தய கார் கட்டித் தந்தவர். அந்தக் கோவை மண்ணிலிருந்துதான் நரேன் கார்த்திகேயன் 2005ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார், இந்தியாவிலிருந்து முதல் ஆள். அந்த வருஷம் ஜூன் மாதம் அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் பந்தயத்தில் நாலாவது இடம். என்ன நடந்தது தெரியுமா? ஒரு சாய்வான வளைவில் மிஷலின் டயர் தாங்காது என்று பயிற்சியிலேயே தெரிந்துவிட்டது. பந்தயம் தொடங்குவதற்கு முன்னோட்டமாக ஒரு சுற்று வந்துவிட்டு 14 கார்கள் நேராக உள்ளே போய் நிறுத்திவிட்டன. மைக்கேல் ஷூமாக்கர், நரேன் எல்லாம் சேர்ந்து ஆறு கார் மட்டும் ஓடியது, அவர்களுடையது பிரிட்ஜ்ஸ்டோன் டயர். ஜனங்கள் கூச்சல் போட்டார்கள், பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். எனக்கு அதில் பிடித்தது அந்த 14 பேர்தான். உலகத்திலேயே வேகமாக ஓட்டத் தெரிந்தவர்கள், ஒரே ஒரு வளைவில் டயர் மேல் சந்தேகம் வந்ததும் ஓட்ட மாட்டோம் என்று அணியோடு திரும்பிவிட்டார்கள். நம்ம தெருப் பையன் நூல் தெரிகிற டயரோடு குற்றாலம் போகிறான்.

அஜித் ரசிகர்கள் இதற்குள் கோபப்பட்டிருப்பீர்கள். 2025 சனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது நானும் டிவியைப் பார்த்துக் கை தட்டினேன். அதற்குச் சில நாள் முன்னால் பயிற்சியில் அவர் கார் தடுப்பில் மோதிச் சுழன்றதை எல்லோரும் போனில் பார்த்திருப்பீர்கள். அவர் இறங்கி நடந்து வந்தார். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு "தல கெத்து" என்று எழுதின பையன்களிடம் நான் கேட்கிறேன், அவர் எப்படி நடந்து வந்தார்? காருக்குள் இரும்புக் கூண்டு, தோளையும் இடுப்பையும் கட்டிய பெல்ட், ஹெல்மெட், தீப்பிடிக்காத உடுப்பு. எதிரில் எந்த வண்டியும் வராது. டிராக் ஓரத்தில் புளியமரம் கிடையாது. ஆம்புலன்ஸ் ஏற்கெனவே ஸ்டார்ட்டிங்கில் நிற்கும்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஆய்க்குடி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பால சுப்பிரமணிய சுவாமி கோவில் ஞாபகம் வரும், அடுத்து அமர் சேவா சங்கம். 1975ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போன ராமகிருஷ்ணன் 1981ல் இங்கே ஆரம்பித்தது. 2020ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம். அவருக்கு நேர்ந்தது வண்டி விபத்து இல்லை. ஆனால் தண்டுவடம் அடிபட்டால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் அவரால்தான் தெரிந்துகொண்டது. சங்கத்துக்கு எங்கெங்கிருந்தோ வருகிற பையன்களை வீல் சேரில் பார்க்கிறோம். படுத்த இடத்தில் புண் வராமல் இருக்க இத்தனை மணிக்கு ஒருதரம் புரண்டு படுக்க வேண்டும், சிறுநீர் தானாகப் போகாது, குழாய் வேண்டும், இதெல்லாம் மற்ற ஊரில் டாக்டருக்குத்தான் தெரியும். இங்கே டீக்கடையில்கூடத் தெரியும்.

போர்ஷே பையனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன் ஒருவன் இருக்கிறான். பெயர் வேண்டாம், அவனுக்கும் இஷ்டம் இருக்காது. 2011ல் விபத்து. பெரிய வண்டி இல்லை, சாதாரண 150 சிசி பைக். வேகமும் பெரிய வேகம் இல்லை, எழுபத்தைந்து இருந்திருக்கும் என்று அவனே சொல்வான். சந்திலிருந்து ஒரு டிராக்டர் பின்பக்கமாக ரோட்டுக்கு ஏறியது. அவன் பார்த்தான், பிரேக்கும் பிடித்தான். அந்த ஒரு நொடி போதவில்லை. அவன் அம்மா என்னிடம், "சார், அவன் மெதுவாத்தான் போவான், நல்லாத்தான் ஓட்டுவான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னது காதிலேயே இருக்கிறது. உண்மையிலேயே நன்றாகத்தான் ஓட்டுவான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இப்போது கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுகிற வேலை செய்கிறான், சம்பாதிக்கிறான், என்னைவிடச் சுறுசுறுப்பாக இருக்கிறான்.

இந்தப் பதிவை எழுதும்போது என் தங்கை மகன் போன் பண்ணினான். அவன் மகனுக்குப் பதினெட்டு ஆகிறது, 200 சிசி பைக் கேட்கிறானாம், "மாமா, வாங்கிக் கொடுக்கலாமா?" என்றான். என் அபிப்பிராயம் எல்லோருக்கும் ஒன்றுதான். முதலில் பிழிந்து ஓட்டினாலும் அறுபது, எழுபதில் அடங்கிவிடுகிற சின்ன வண்டி ஒன்று வாங்கிக் கொடு. அதில் ரெண்டு வருஷம் ஓட்டட்டும். கியர் மாற்றும் நயம், வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைக்கும் பழக்கம், மழையில் பிரேக்கைத் தடவிப் பிடிக்கும் பதம் எல்லாம் சின்ன வண்டியில்தான் வரும். பெரிய வண்டி தப்பை மறைத்துவிடும், ஒரு நாள் மொத்தமாகக் கணக்குத் தீர்க்கும். மருமகனே, இதைப் படித்துக்கொண்டிருப்பாய். உன் மனைவி சொல்வதைக் கேள், அவள் பக்கம்தான் நான்.

போர்ஷே பையனுக்கும் நான் சொன்னதில் அதிக வித்தியாசம் இல்லை. எண்ணெய் சூடானதும் முதல் கியரில் ஒருதரம் முழுசாக ஓடவிட்டுக் காதாரக் கேள், நாலு நொடியில் முடிந்துவிடும், அதோடு காலை எடு. மலை இறங்கும்போது பிரேக்கையே மிதிக்காமல் கியரில் இறக்கு. டயருக்கு வயசு பார், கட்டை நன்றாக இருந்தாலும் வருஷம் ஆனால் ரப்பர் கெட்டிப்பட்டுவிடும். வருஷத்துக்கு ரெண்டுதரம் செட்டிபாளையம் போ, உனக்கு ஆறு கியரும் வேண்டும் என்றால் அங்கே தேடு. மற்ற நாளெல்லாம் ஸ்டீயரிங்கை அனுபவி, அதற்கு வேகம் வேண்டாம். இவ்வளவும் சொல்லிவிட்டு, மனசில் இருந்ததையும் சொன்னேன். உன் நிலையில் நானாக இருந்தால் இவ்வளவு பெரிய எஞ்சின் வாங்கியிருக்க மாட்டேன், இதில் கால் பங்கு திறன் உள்ள வண்டி வாங்கி அதை முழுசாக ஓட்டியிருப்பேன். "உங்களுக்கு ஆர்எக்ஸ் 100தான் சார் உலகம்" என்றான். இருக்கலாம்.

மறுநாள் சாயங்காலம் அவன் போய் அந்த நண்பனைக் கூப்பிட்டிருக்கிறான், ஒரு ரவுண்டு வருகிறாயா என்று. நானும் போய் நின்றேன். அவ்வளவு தாழ்வான சீட்டில் அவனை உட்கார வைப்பதுதான் பெரிய பாடு. வீல் சேர் உயரம் ஒன்று, சீட் உயரம் ஒன்று. ரெண்டு பேர் தோளைப் பிடிக்க, ஒருவர் காலைத் தூக்க, அவனே தன் கையால் கதவைப் பிடித்து உடம்பை இறக்கினான். கால் ரெண்டையும் எடுத்து உள்ளே வைத்தான். பெல்ட்டைத் தானே மாட்டிக்கொண்டான். வீல் சேர் காரில் அடங்காது, அதைப் பிடித்துக்கொண்டு நான் தெருவில் நின்றேன். லேசாகத் தூறல் போட்டது. சீட் நனையாமல் இருக்க என் துண்டை அதன் மேல் விரித்தேன்.

சாம்பவர் வடகரைப் பக்கம் போனார்கள். சத்தம் தூரத்தில் ஒரே ஒருதரம் ஏறி, உடனே இறங்கியது. எண்ணிப் பார்த்தேன், நாலு நொடிதான். இருந்தாலும் அவர்கள் திரும்பி வருகிற வரை வீல் சேர் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டேதான் நின்றேன்.

முக்கால் மணி நேரம் கழித்து வந்தார்கள். ரெண்டு பேர் முகத்திலும் சிரிப்பு. எப்படிடா இருந்துச்சு என்று நண்பனிடம் கேட்டேன்.

"வண்டி ஜோரா இருக்கு சார்," என்றான். "இவன்தான் ரொம்ப மெதுவா ஓட்டுதான்."